வேகமும் வீட்டுக் கணக்கும்

விரைந்து பாயும் சிறிய கார் ஒன்று வேண்டுமென்று உங்கள் வாலிப மகன் கேட்கிறானா? மறுக்குமுன்னும் சம்மதிக்குமுன்னும் சிலவற்றை அறிந்துகொள்ளுங்கள்.

நீளம் 4 மீட்டருக்கும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கும் மிகாத கார்களுக்கு நம் தேசத்தில் 2006 முதல் வரிச்சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், எல்லையைத் தாண்டினவற்றுக்கோ 40. 2021இல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் இந்த எல்லைக்குள் அடங்கியதே: 3,995 மில்லிமீட்டர் நீளம், 998 சி.சி. டர்போ எஞ்சின், ஏறக்குறைய 120 குதிரைத்திறன். சாதாரண ஐ20ஐவிட இதன் சஸ்பென்ஷன் இறுக்கமானது; வளைவில் உறுதியாக நிற்கும், பள்ளத்தில் குலுக்கும். ஆகையால் முன்பணம் கட்டுமுன், வயதான பெற்றோரைப் பின் இருக்கையில் அமர்த்திக் கரடுமுரடான தெருவில் ஓட்டிப் பாருங்கள்.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நமக்கு வேறொரு செலவும் உண்டு. புதிய மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் கார் தங்குமானால், அங்கே மறுபதிவு செய்து சாலை வரி செலுத்த வேண்டும். பழைய மாநிலத்தில் மீதி வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கும் அலைச்சல் உண்டு.

வேகம் ஓட்டுகிறவனுக்கு, தவணையோ வீட்டார் அனைவருக்கும். எனவே எல்லாரும் கூடி அமர்ந்து கணக்குப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.