தடம் சுமக்கும் நாணயம்

கலா ஓயா கடற்கழியிற் கலக்கும் எலுவன்குளத்துக்குத் தெற்கே, புத்தளமென்று அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் துறையில், 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து வந்திறங்கினார் இப்னு பதூதா என்னும் யாத்திரிகர். அவர் நீங்கி வந்த தீவுகளிலே சோழியே பணமாக வழங்கிற்று. அது எத்தனை கை மாறினும், கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதற்கு அதன்மேல் ஓர் அடையாளமும் ஏறுவதில்லை.

இன்று எலுவன்குளத்து இளைஞனொருவன் கணினி வழியே எதிர்காலத்தில் நிகழ்வதாய் அமைந்த விண்வெளி விளையாட்டொன்றினுட் புகுவானாயின், அங்கே அவன் ஈட்டும் பணம் இதற்கு நேர்மாறான சுபாவமுடையது. ஐஸ்லாந்து நிறுவனமொன்று 2003இல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டிலே, 'இஸ்க்' என்னும் நாணயம் கொள்ளைக் கப்பலை அழித்தவனுக்குரிய சன்மானமாகச் சூனியத்தினின்று பிறந்து, வரியாகச் செலுத்தப்படுங்கால் மீண்டும் சூனியத்திலே மறைகிறது. இடையிலே அது நடந்த வழியெல்லாம் நிறுவனத்தின் கணக்கிலே பதிவாகின்றது. இந்தப் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்கென்றே 2007இல் ஒரு பொருளியலறிஞரையும் நிறுவனம் அமர்த்திற்று.

பிட்கொயின் 2009இல் தோன்றியபோது அத்தகைய கணக்கேடு ஒருவர் கையைவிட்டு நீங்கி, யாவரும் காணத்தக்க பொதுப்பதிவாயிற்று. அதில் ஒவ்வொரு பதிவுத் தொகுதியும் முந்திய தொகுதியின் கணித முத்திரையைத் தன்னுள்ளே தாங்குவதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ளவை யாவும் பொருந்தாமற் போகும். 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்னும் விளையாட்டுக்கென இவ்வாறான பொதுப்பதிவின்மேல் அமைந்த ரோனின் வலையமைப்பிலிருந்து 2022 மார்ச்சில் அறுபது கோடி டொலருக்கு மேற்பட்ட செல்வம் களவாடப்பட்டபோது, இத்தகைய தடத்தைத் தொடர்ந்தே அவ்வாண்டு செப்டெம்பருக்குள் ஏறத்தாழ மூன்று கோடி டொலர் மீட்கப்பட்டது.

எனினும், தடம் தெரிவது வேறு, அதைக்கொண்டு யாரைப் பிடிப்பது என்பது வேறு. நம் இளைஞன் அரும்பாடுபட்டுக் கட்டிய கப்பலை விற்றுப் பெற்ற நாணயம், நான்கு கைகளுக்கு முன்னே களவு போனதென்று அவன் பணப்பையை முடக்குதல் நீதியாகுமா? ஆகாதென்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ஸ்கொட்லாந்திலே ஹியூ குரோஃபர்ட் என்பவர், தாம் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பித் தொலைந்த இருபது பவுண் நோட்டொன்று ரோயல் வங்கிக்கு வந்து சேரக் கண்டு வழக்காடினார். நோட்டு அவருடையதே என்பதற்கு அவருடைய கையெழுத்தே சாட்சியாயிருந்தும், நேர்மையாகப் பெற்றவரிடமிருந்து பணத்தைப் பறித்தால் வியாபாரமே நின்றுபோம் என்ற நியாயத்தால், 1749இல் நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது.

தவறு செய்தோனைக் காட்டவும் வேண்டும், நேர்மையாளனின் தடத்தை மறைக்கவும் வேண்டும் என்னும் இவ்விடுக்கணுக்குக் கணிதத்திலேயே ஒரு வழி உண்டு. 1988இல் டேவிட் சோம், அமோஸ் ஃபியட், மோனி நாவோர் ஆகிய மூவரும் வகுத்த முறையிலே, நாணயத்தை ஒருமுறை செலவிடுவோனின் பெயரை வங்கியும் அறியாது. அதே நாணயத்தை அவன் இரண்டாம் முறையும் செலவிடுவானாயின், நாணயத்தைப் பெறுவோர் கேட்கும் வினாக்களுக்கு இரு தடவையும் அவன் அளித்த விடைத்துணுக்குகள் ஒன்றுசேர்ந்து அவனைத் தாமே காட்டிக்கொடுக்கும். விளையாட்டுலகை அமைப்போர் இந்நெறியை ஒட்டி, நாணயம் எவ்வளவு பிறந்தது, எவ்வளவு மறைந்தது என்னும் தொகையை எல்லோருக்கும் வெளியிடுக. அது நடந்த வழியை மட்டும், களவென்று முறைப்பாடு எழுந்து, விளையாடுவோர் தாமே தெரிந்தெடுத்த நடுவர் இசைந்தாலன்றி, நிறுவனமும் திறத்தலாகாது.