மொனாக்கோ: இடமில்லாத ஊரில் ஒரு பகல்

நீஸ் நகரிலிருந்து மொனாக்கோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கடலோரமாகவே ஓடுவதால், போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். ரயில் மலையின் வயிற்றுக்குள் போய் நிற்கும். அதுதான் ஸ்டேஷன். 1999-ல் ரயில் பாதையையே பாறைக்குள் தள்ளிவிட்டு, மேலே மிச்சமான நிலத்தைக் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மொத்த நாடும் இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் சுமார் 38,000 பேர். ஃபெராரியும் சொகுசுப் படகுகளும் வழியெங்கும் தென்படும். அவற்றை வாய் பிளந்து பார்த்து முடித்தபின், இந்த ஊர் இடத்தை எங்கிருந்தெல்லாம் பிடுங்கியிருக்கிறது என்று பாருங்கள். உண்மையான வேடிக்கை அதில்தான் இருக்கிறது.

மலைச்சரிவில் தெருக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. “இத்தனை படியும் ஏறணுமாடா?” என்று அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசியமே இல்லை. கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்குப் பொது லிஃப்ட் போகிறது, காசும் கிடையாது. என் மகளும் அம்மாவும் தேவையில்லாமல்கூட ஏறி இறங்கினார்கள்.

ஹெர்குலே துறைமுகத்தில் எல்லோரும் படகுகளையே படம் பிடிக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அலைதடுப்புச் சுவரை. கல்லைக் கொட்டி அணை கட்ட முடியாத அளவுக்கு அங்கே கடல் ஆழம். அதனால் 352 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் மிதவையை ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் கட்டி, 2002-ல் கடல்வழியே இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு முனையைக் கரையோடு பிணைத்திருப்பது ராட்சத இரும்புப் பந்து மூட்டு. மறுமுனையைக் கடலடியோடு சங்கிலிகள் கட்டிப்போட்டிருக்கின்றன. சுவருக்கு உள்ளேயே கார் நிறுத்துமிடம், மேலே நடைபாதை, பக்கத்தில் பெரிய கப்பல்கள். விவரம் கேட்ட அம்மா, “அந்த மூட்டுல ஒண்ணு எனக்கும் போடச் சொல்லு” என்றார்.

ஊருக்கு ஏன் இந்த இட நெருக்கடி? எலுமிச்சையும் ஆலிவும் விளைந்த மான்டோன், ரோக்புரூன் ஆகிய இரண்டு ஊர்களும் கைவிட்டுப் போய், 1861-ல் நாற்பது லட்சம் ஃப்ராங்குக்கு பிரான்ஸுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. நாட்டின் பெரும்பகுதியே அவைதான். வருமானத்துக்குச் சூதாட்ட விடுதியை நம்பினார்கள். அது கொழிக்கவும், 1869-ல் குடிமக்களுக்கு வருமான வரியே வேண்டாம் என்றாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மொனாக்கோ குடிமக்கள் அந்த கேஸினோவில் ஆடத் தடை. வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அங்கிருந்து சற்றுக் கீழே இறங்கினால் கார் பந்தயத்தின் பேர்பெற்ற கொண்டை ஊசி வளைவு. பந்தயத் தடம் என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. 1929 முதல் ஊர்த்தெருக்களிலேயே ஓட்டுகிறார்கள். ஃபார்முலா ஒன் பந்தயங்களிலேயே வேகம் மிகக் குறையும் திருப்பம் இதுதான். சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய அதன் விளிம்பில் டயர் தேய்த்த கறுப்புத் தடங்களை என் மகள் விரலால் தடவிப் பார்த்தாள்.

பர்ஸைத் திறப்பதானால் கடலியல் அருங்காட்சியகத்துக்குத் திறக்கலாம். கடலாய்வில் பித்தான இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1910-ல் திறந்துவைத்தது. கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ முப்பது வருடம் இயக்குநராக இருந்த இடம். கீழ்த்தளத்து மீன் தொட்டிகளிலிருந்து குழந்தைகளைக் கிளப்புவது கஷ்டம். மதியத்துக்கு கோந்தமீன் சந்தைக்குப் போங்கள். அங்கே கிடைக்கும் சோக்கா, கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடுப்பில் சுட்ட அடை மாதிரி. மிளகைத் தூவிச் சூடாகத் தின்ன வேண்டும், ஆறினால் ரப்பர்.

நேரமிருந்தால் மாரெத்தெர்ரா வரை நடக்கலாம். கடலை நிரப்பி ஆறு ஹெக்டேர் புது நிலம், 2024 டிசம்பரில் திறந்தார்கள். வீடுகள் கோடீஸ்வரர்களுக்கு, கடலோர நடைபாதை எல்லோருக்கும்.

திரும்பும் ரயிலை மட்டும் மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வேலை பார்க்கும் பல்லாயிரம் பேருக்கு வீடு பிரான்ஸில்தான், எல்லோரும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். குழந்தையோடு ஏறினால் நிற்கக்கூட இடம் கிடைக்காது.