இளம் மாங்கன்றைக் கத்தரித்து வளர்த்தல்

யாழ்ப்பாணத்து வளவுகளில் ஒட்டு மாங்கன்று நடுவோர் பலர் அதன்மீது கத்தி வைக்கத் துணியார். தழைத்து வருவதை வெட்டுதல் பாவமென்பது அவர்தம் எண்ணம். இவ்விரக்கத்தாற் கறுத்தக்கொழும்பானை இழந்தாரும் உளர். ஒட்டுமாவிலே வேரும் அடித்தண்டும் வேறொரு விதைக்கன்றுக்குரியன. ஒட்டுக்கு மேலுள்ள பாகமே நாம் விரும்பிய இனம். ஒட்டின் கீழே தோன்றுந் துளிரைக் கண்டவுடன் கிள்ளாது விடின், அது வேரினின்று ஏறும் நீரை முந்திக் கவர்ந்து விரைந்தோங்கும். மேலொட்டு மெலிந்து மடியும். மரம் செழித்து நிற்குமாயினும், பல்லாண்டு காத்திருந்தவர் கைக்கு வருவது பெயரறியாத விதைமாங்காயே.

கன்று மூன்றடி உயர்ந்ததும் நுனியை வெட்டுதல் வேண்டும். நுனியரும்பு உள்ளவரை பக்கவரும்புகள் உறங்கும். அது நீங்கவே அவை கிளைக்கத் தொடங்கும். அவற்றுள் வெவ்வேறு திசை நோக்கிய மூன்று அல்லது நான்கை மட்டும் நிறுத்துக. தண்டை நெருங்கிய கோணத்தில் எழுங் கிளை பின்னர்ச் சோளகக் காற்றிற் பிளக்குமாதலின், அதனை இளமையிலேயே நீக்குதல் நன்று. முதலிரண்டு மூன்றாண்டுகளில் வரும் பூங்கொத்துக்களையுங் கிள்ளிவிடல் வேண்டும். இதற்கு வீட்டுப் பிள்ளைகள் இசையார் என்பது வேறு. காய்க்கத் தொடங்கிய மரத்தையோ, பழம் பறித்து முடிந்தவுடன் கத்தரித்தல் முறை. மா, முதிர்ந்த கிளைகளின் நுனியிற் பூப்பது. பூக்குங் காலத்தை அண்டி வெட்டுவோர் அவ்வாண்டு விளைவை இழப்பர்.