நெடுவழி ஓட்டம்

மதுரை மாநகரிலிருந்து திருமங்கலத்தை அடைந்து, ஆங்கிருந்து இராசபாளையம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது டி. கல்லுப்பட்டி என்னும் ஊர். சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கும். அணித்தே தேவன்குறிச்சி மலை தனித்து நிற்கும். மேற்றிசையில் மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில்போல நீண்டு தோன்றும். மதுரைக்கும் இவ்வூருக்கும் இடைப்பட்ட வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்தில் அமர்ந்தவர்க்கு இவ்வழி ஒரு சிறு துயிலில் கழிந்துவிடும். மாட்டு வண்டியே துணையாக இருந்த காலத்தில் இஃது ஓர் இரவுப் பயணமாகும். இத்துணைத் தொலைவையும் ஒருவர் தம் இரு கால்களையே நம்பி, இடையில் அமராது ஓடிக் கடத்தல் கூடுமோ? கூடும். உலகின் பல நாடுகளில் ஆண்டுதோறும் எண்ணிறந்தோர் இதனைச் செய்து வருகின்றனர். அவ்வோட்டத்தையே மாரத்தான் என்று வழங்குவர்.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். கி.மு. 490-இல் பாரசீகப் பெரும்படையை ஏதென்சு நகரத்தார் அவ்வூர்ச் சமவெளியில் எதிர்த்து வென்றனர். வெற்றிச் செய்தியைச் சுமந்து ஒரு வீரன் ஏதென்சு வரை ஓடினான் என்றும், செய்தியைச் சொன்ன அளவில் உயிர் நீத்தான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. ஆயினும், அப்போரைப் பற்றி விரிவாக எழுதிய பழைய ஆசிரியராகிய எரோதோத்தசு இந்நிகழ்ச்சியைக் கூறவில்லை. பீடிப்பிடிசு என்னும் தூதன் போருக்கு முன்னர் உதவி வேண்டி, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுபார்த்தா நகருக்கு ஓடினான் என்பதே அவர் தரும் செய்தி. இறந்துபட்ட வீரனின் கதை பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய ஆசிரியர்களிடமே காணப்படுகின்றது. ஆதலின், அதனை வழிவழி வந்த கதை எனக் கொள்வதே பொருந்தும்.

ஓட்டம் விளையாட்டாக ஆவதற்கு முன்னர்த் தொழிலாக இருந்தது என்பதற்கு நம் நாடும் சான்றாகும். புகைவண்டியும் நல்ல சாலையும் இல்லாத பகுதிகளில், தபால் மூட்டையைத் தோளிற் சுமந்து, மணி கட்டிய ஈட்டியைக் கையில் ஏந்தி, காட்டையும் மேட்டையும் கடந்து ஓடியவர்கள் அஞ்சற்காரர்கள். ஒருவர் ஓடி முடித்த எல்லையில் மற்றொருவர் மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடுவார். மழையும் இருளும் அவர்களைத் தடுத்தில. அவர்களுக்குப் பரிசும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

கி.பி. 1896-இல் ஏதென்சு நகரில் ஒலிம்பிக் விளையாட்டு புதுப்பிக்கப்பட்டபோது, மிசேல் பிரேயல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் கருத்துப்படி, மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்சு வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வழி எளியதன்று. முதற் பத்துக் கிலோமீட்டர் பெரும்பாலும் சமவெளி. அதன்பின் முப்பதாம் கிலோமீட்டர் வரையில் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். எஞ்சிய வழி நகரை நோக்கிச் சரியும். புழுதி நிறைந்த நாட்டுப்புறச் சாலையில் 17 பேர் புறப்பட்டனர். அவருள் நால்வரே அயல் நாட்டார்.

அந்நால்வருள் ஆத்திரேலியராகிய பிளாக், அமெரிக்கராகிய பிளேக், பிரெஞ்சுக்காரராகிய லெர்முசியோ ஆகிய மூவரும் அவ்விளையாட்டுகளின் 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றவர்கள். விரைவில் அவர்க்கு நிகர் எவரும் இலர். தொடக்கம் முதலே அவர்கள் முன்னணியில் நின்றனர். லெர்முசியோ பிறரை நெடுந்தொலைவு பின்னிட்டுச் சென்றார். ஆயின் மேடு தொடங்கியது. கதிரவன் வெம்மையும் மிகுந்தது. முதலில் பிளேக் ஓட்டத்தைக் கைவிட்டார். முப்பது கிலோமீட்டர் கடந்தபின் லெர்முசியோவும் நின்றுவிட்டார். நகரம் அணித்தாகிய நிலையில் பிளாக்கும் தளர்ந்து வீழ்ந்தார். விரைவு அவர்களிடம் இருந்தது. அதனை வழி முழுதுக்கும் பகிர்ந்து செலவிடும் பயிற்சி இல்லை. நால்வருள் முன்னரே இத்தொலைவை ஓடிப் பார்த்திருந்தவர் அங்கேரியராகிய கெல்னர் ஒருவரே. ஓட்டத்தை நிறைவு செய்த அயல் நாட்டாரும் அவர் ஒருவரே.

வெற்றி பெற்றவர் ஸ்பிரிதோன் லூயிஸ் என்பவர். அவர் மாரூசி என்னும் ஊரினர். தம் தந்தையாருடன் ஏதென்சு நகருக்குத் தண்ணீர் கொண்டுசென்று விற்றவர். மற்றவர் விரைந்தபோது அவர் விரையவில்லை. தமக்கு இயன்ற ஒரே சீரான நடையில் ஓடி, தளர்ந்தவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்தார். 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் அவர் அரங்கினுள் நுழைந்தபோது மக்கள் எழுப்பிய ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. கிரேக்க இளவரசர் இருவர் களத்தில் இறங்கி அவரோடு உடன் ஓடினர்.

அந்நாளில் நிகழ்ந்த வேறு இரு நிகழ்ச்சிகளையும் அறிதல் வேண்டும். மூன்றாவதாக வந்த பெலோகாசு என்பவர் வழியில் வண்டியேறி வந்தமை வெளிப்பட்டது. அவர் இடம் பறிக்கப்பட்டுக் கெல்னருக்கு வழங்கப்பட்டது. மற்றொன்று, சுதமாத்தா ரெவிதி என்னும் வறிய பெண்மணியைப் பற்றியது. அவர் தாமும் ஓட விரும்பினார், இசைவு கிட்டவில்லை. மறுநாள் அவர் தனியராய் அவ்வழியே ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஓடி நகரை அடைந்தார். அரங்கினுள் நுழைய அவரை எவரும் விடவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் 1984-இல்தான் ஏற்பட்டது. இடையே 88 ஆண்டுகள் உருண்டோடின. வண்டியேறி வந்தவர் அரங்கினுள் நுழைந்தார். உண்மையாய் ஓடி வந்தவர் வாயிலில் நின்றார். இவ்விருவருள் எவர் பெயரைப் போற்றுதல் தகும் என்பதைக் காலம் காட்டிவிட்டது.

பின்னர், 1908-இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக்கில், விண்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கு வரை 26 மைல் 385 கஜம் ஓட நேர்ந்தது. 1921-இல் அத்தொலைவே, அதாவது 42.195 கிலோமீட்டரே, மாரத்தானுக்கு உரிய அளவென உறுதி செய்யப்பட்டது.

இனி, மேடு பள்ளம் நிறைந்த வழியில் ஓடுவோர் அறிய வேண்டுவன யாவை என்பதைக் காண்போம். சாப்டூர் வழியாகச் சதுரகிரி மலைக்கு ஏறும் அடியார்களைக் கண்டவர்க்கு இது நன்கு விளங்கும். இளைஞர் சிலர் அடிவாரத்திலேயே தாவித் தாவி ஏறுவர். சிறிது தொலைவில் பாறைமேல் அமர்ந்து மூச்சு வாங்குவர். அறுபது கடந்த மூதாட்டி ஒருவர் சிற்றடி வைத்து, ஒரே சீராய், எங்கும் நில்லாது அவர்களைக் கடந்து செல்வார். மேட்டில் ஏறுவோர் தம் உடலின் எடையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கவும் வேண்டுதலின், சமவெளியின் விரைவையே அங்கும் நாடினால் மூச்சும் வலிமையும் வீணாகும். ஆதலால் அடியைக் குறுக்கி, விரைவைத் தளர்த்தி, முயற்சியின் அளவை மட்டும் மாறாது காத்தல் வேண்டும்.

இறக்கம் எளிது என எண்ணுவர். அதுவும் பிழை. இறங்குங்கால் உடல் முன்னோக்கி உருண்டோடாதவாறு தொடைத் தசைகள் ஒவ்வோர் அடியிலும் தடைக்கட்டைபோல் நின்று தாங்குகின்றன. நீண்டு விரியும் நிலையிலேயே அவை சுமையைத் தாங்குவதால், தசையின் நுண்ணிழைகள் ஊறுபடுகின்றன. ஓட்டத்தின் மறுநாள் படியிறங்க இயலாது வருந்துவோர் பலர். அதற்கு மேட்டினும் இறக்கமே பெரிதும் காரணமாகும்.

அமெரிக்காவில் 1897 முதல் நடந்து வரும் பாஸ்டன் மாரத்தான், ஆப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி நகரை நோக்கிச் செல்வது. அவ்வழியில் 32-ஆம் கிலோமீட்டரை அடுத்து ஒரு குன்று உண்டு. அதன் ஏற்றம் 27 மீட்டர் அளவே. எனினும் அதற்கு ‘நெஞ்சை உடைக்கும் குன்று’ என்னும் பொருளுடைய பெயர் வழங்குகின்றது. 1936-இல் முந்திய ஆண்டு வென்ற ஜான் கெல்லி என்பவர், முன்னே சென்ற எல்லிசன் பிரவுன் என்பவரை அவ்விடத்தில் எட்டிப் பிடித்து, அவர் தோளைத் தட்டிவிட்டுச் சென்றார். அத்தட்டுதல் பிரவுனுக்கு ஊக்கமாயிற்று. அவர் மீண்டும் முந்தி வெற்றி பெற்றார். கெல்லி ஐந்தாம் இடத்திற்குத் தாழ்ந்தார். அந்நிகழ்ச்சியை ஒட்டியே குன்றுக்கு அப்பெயர் ஏற்பட்டது.

இத்துணைச் சிறிய குன்று நெஞ்சை உடைப்பது எங்ஙனம்? உண்ட உணவிலிருந்து பெற்ற சர்க்கரைச் சத்தைக் கல்லீரலும் தசைகளும் ஓரளவே சேமித்து வைக்கின்றன. விரைந்து ஓடுவோர்க்கு அச்சேமிப்பு முப்பது கிலோமீட்டர் அளவில் வறண்டு போகும். கொழுப்பு உடலில் மிகுதியாக உண்டெனினும், அதிலிருந்து ஆற்றல் மெல்லவே கிடைக்கும். அப்பொழுது கால்கள் ஈயம்போற் கனக்கும், உள்ளம் மயங்கும். அந்நிலையில் எதிர்ப்படும் சிறு மேடும் பெருமலையாகத் தோன்றும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டிப் பழகியவரின் உடல், கொழுப்பையும் மிகுதியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும். சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிடும்.

வெம்மையும் ஒரு பகையே. ஓடும் உடல் அடுப்புப்போற் கொதிக்கும். வியர்வை ஆவியாகி அதனைத் தணிக்கும். 1912-இல் சுடாக்கோமில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகல் நாட்டு இளைஞர் பிரான்சிசுக்கோ இலாசரோ, வெயில் தாக்காதிருக்கும் பொருட்டு மேனியெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பர். வியர்வை வெளியேற வழியில்லை. ஏறத்தாழ முப்பதாம் கிலோமீட்டரில் அவர் வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். துணிவு அவரிடம் குறைவின்றி இருந்தது. உடலின் இயல்பை அறியும் அறிவே துணை நிற்கவில்லை. மதுரைப் பக்கத்து வெயிலில் ஓடுவோர் இதனை மறத்தல் ஆகாது. பொழுது புலருமுன் தொடங்குதலும், தாகமறிந்து நீர் அருந்துதலும், வியர்வையோடு கழிந்த உப்பை ஈடு செய்தலும் இன்றியமையாதன. அளவின்றி நீரைப் பருகுதலும் தீதே. குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே ஊறு விளையும்.

இவ்வோட்டத்தில் எளிய குடியிற் பிறந்தோர் பெரும்புகழ் எய்தியுள்ளனர். 1920-இல் ஆண்டுவர்ப்பு நகரில் நடந்த ஒலிம்பிக்கில், பெல்காம் பகுதியைச் சேர்ந்த சௌகுலே என்பவர் இந்தியாவின் சார்பில் மாரத்தான் ஓடி 19-ஆம் இடம் பெற்றார். 1960-இல் உரோம் நகரில் எத்தியோப்பிய நாட்டு ஆயர் ஒருவரின் மகனாகிய அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். 1964-இல் தோக்கியோவில் மீண்டும் வென்றார். பீகார் மாநிலத்துச் சிற்றூரிற் பிறந்த சிவநாத் சிங், வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர். 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் 11-ஆம் இடம் பெற்றார். 1978-இல் சலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியரின் உயர் அளவாக விளங்கிற்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தோன்றிய கோ. இலட்சுமணன், 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரு நெடுந்தொலை ஓட்டங்களிலும் பொற்பதக்கம் பெற்றார்.

இவற்றைக் கேட்ட மாணவர், நாளையே நாற்பது கிலோமீட்டர் ஓடப் புகுதல் கூடாது. முழு மாரத்தான் வளர்ச்சி முற்றியவர்க்கே உரியது. பொதுவாக 18 வயது நிரம்பியவர்களையே அதிற் சேர்த்துக்கொள்வர். பள்ளிப் பருவத்தினர் ஊரைச் சுற்றியுள்ள வண்டிப்பாதையிலும் கண்மாய்க்கரையிலும் குறுந்தொலைவு ஓடிப் பழகினாலே போதும். முதற்கண் நடையும் ஓட்டமும் கலந்து பயிலுக. கிழமைதோறும் சிறிதளவே தொலைவைக் கூட்டுக. வலி தோன்றின் ஓய்வு கொள்க. உடன் ஓடுபவரை வெல்லுதலினும், நேற்றைய தம்மை இன்று வெல்லுதலே இப்பயிற்சியின் நோக்கமாதல் வேண்டும்.

மாரத்தான் சாலையின் மேடு, இளவரசர் என்றும் தண்ணீர் சுமப்பவர் என்றும் வேற்றுமை பார்ப்பதில்லை. முன்னர்ப் பயின்றவர்க்கு அது வழிவிடும். பயிலாதவரைத் தடுத்து நிறுத்தும். கல்லுப்பட்டியின் கரிசற் பாதையில் விடியற்காலையில் சீராக அடியெடுத்து வைக்கும் சிறுவர் சிறுமியர்க்கும் அவ்வுண்மை ஒன்றே. அவர்கள் காலடியிலும் அந்நெடுவழி ஒருநாள் சுருங்கும்.