திறப்பும் சாவியும்

போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். அவர்தம் மொழியிலிருந்து கதிரை, அலுமாரி, யன்னல் என்பன நம் மனைகளுட் புகுந்தன. எனினும், பூட்டைத் திறக்குங் கருவியை நாம் திறப்பு என்றே வழங்குகின்றோம். நாற்காலி என நற்றமிழ் கூறுந் தமிழகத்தாரோ ‘சாவே’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லைச் சாவியாக்கிக் கொண்டனர்! திறத்தலாகிய தொழிலின் பெயர் அதன் கருவிக்கு ஆகிவந்தமையால், திறப்பு தொழிலாகுபெயராம். ‘கல்லூரித் திறப்பு எப்பொழுது?’ என்புழி விழாவையும், ‘கல்லூரித் திறப்பு எவரிடம்?’ என்புழிக் கருவியையும் இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

இவ்வாறு கருவிக்குப் பெயர் கண்ட நாம், பூட்டின் உள்ளுறுப்புக்களுக்கு ஆங்கிலத்தை எதிர்நோக்க வேண்டுவதில்லை. அமெரிக்கராகிய இளைய லைனஸ் யேல் 1861இல் ஆக்கவுரிமை பெற்ற பூட்டினை நோக்குக. அசையாத கூட்டினுள் ஓர் உருளை உளது. சுருள்வில்லால் அழுத்தப்பெற்ற முளைகள், ஒவ்வொன்றும் இரு துண்டாய், கூட்டினின்றும் உருளையினுள் இறங்கி அதனைச் சுழலவிடாது தடுக்கும். உரிய திறப்பை நுழைத்தால், அதன் வெட்டுக்கள் முளைகளை வேண்டிய அளவிற்கே உயர்த்தும். மிகினுங் குறையினும் தடை நீங்காது. துண்டுகள் பிரியும் இடங்களெல்லாம் உருளையின் விளிம்பில் ஒருங்கே அமையும்போதே உருளை சுழலும். அவ்விளிம்பைப் பிரிகோடு எனலாம்.