கூட்டம் குறைந்த காலத்துப் பூங்கா

பொழுதுபோக்கிற்காக அமைந்த இடங்களுக்கு விடுமுறை நாள்களில் செல்வதே பலருடைய வழக்கம். எல்லாருக்கும் விடுமுறை ஒரே நாளில் வருவதால் எல்லாரும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடுகின்றனர். காணச் சென்ற இடத்தைக் காண்பதைவிட வரிசையில் நிற்பதிலேயே பெரும்பொழுது கழிகின்றது. கூட்டம் எக்காலத்தில் கூடுகிறது, எக்காலத்தில் குறைகிறது, குறைந்த காலத்தில் செல்வதால் விளையும் பயன் யாது என்பவற்றைத் திருவனந்தபுரத்தைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கருப்பொருள் பூங்கா

ஏதேனும் ஒரு கருப்பொருளை மையமாகக் கொண்டு ஊர்திகள், காட்சிகள், அரங்குகள் ஆகியவற்றை ஓரிடத்தில் அமைப்பது கருப்பொருள் பூங்கா ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. திறப்பு நாளன்று போலிச் சீட்டுகளுடன் பலர் நுழைந்தமையால் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பெருகியது. உணவும் குடிநீரும் போதவில்லை. கூட்டத்தை அளவிடாமல் நடத்தும் பூங்கா எவ்வளவு சிறப்புடையதாயினும் இடர்ப்படும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

கேரளத்தில் கொச்சிக்கு அருகே 2000-ஆம் ஆண்டு வீகாலாந்து என்னும் பெயரில் தொடங்கப்பட்ட பூங்கா இன்று வொண்டர்லா என வழங்குகிறது. திருவனந்தபுரத்தில், மந்திரக்கலையைக் கருப்பொருளாகக் கொண்ட மேஜிக் பிளானட் 2014-இல் கழக்கூட்டத்தில் திறக்கப்பட்டது. வேளிச் சுற்றுலாக் கிராமத்தில் 2020-இல் சூரிய ஆற்றலால் இயங்கும் சிறுவர் இரயில் தொடங்கப்பட்டது. 1857-இல் நிறுவப்பட்ட உயிரியல் பூங்காவும் இந்நகரின் பழைமையான பொழுதுபோக்கிடமாகும்.

பருவம் அமையும் விதம்

கூட்டத்தை முடிவு செய்வன இரண்டு: ஒன்று பள்ளி விடுமுறை; மற்றொன்று மழை. கேரளத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை விடுமுறையிலும், ஓணம், கிறித்துமசு விடுமுறைகளிலும் உள்ளூர் மக்கள் பெருந்திரளாக வருவர். அக்டோபர் முதல் மார்ச்சு வரை வெளிநாட்டுப் பயணிகளின் வரவு மிகும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் அன்பர்களும் நகருக்கு வருவதுண்டு.

சூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையை அடைகிறது. பள்ளிகளும் அப்போது திறக்கின்றன. எனவே சூன், சூலை மாதங்களில் கோவளம் போன்ற கடற்கரைகளில் கூட்டம் குறைகிறது. மலையாளத்தார் கர்க்கடகம் என்று கூறும் ஆடி மாதம் இக்காலத்திலேயே வருகிறது. தமிழகத்தில் ஆடியில் மணவிழாக்கள் நிகழாமையால் விற்பனை குறைய, வணிகர் ஆடித் தள்ளுபடி அளிப்பர். கோவளத்து விடுதிகள் மழைக்காலத்தில் கட்டணத்தைக் குறைப்பதும் அத்தகையதே.

இங்கு ஒரு வியப்பு உண்டு. கோவளத்தைக் காலியாக்கும் அதே பருவக்காற்றே மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து குற்றாலத்தில் சாரலாகிறது. அங்கோ அதுதான் கூட்டம் மிகுந்த காலம்! ஆகவே கூட்டம் குறைந்த பருவம் என்பது எல்லா ஊருக்கும் பொதுவன்று. ஊருக்கு ஊர் வேறுபடும்.

வரிசையின் கணக்கு

ஓர் இராட்டினத்தில் 20 இருக்கைகள் உள்ளன எனக் கொள்வோம். ஏறுதல், சுற்றுதல், இறங்குதல் ஆகியவற்றிற்கு 4 நிமிடம் ஆகுமெனின், ஒரு மணி நேரத்தில் 15 சுற்றுகளில் 300 பேர் ஏறலாம். மணிக்கு 400 பேர் வந்தால், ஒவ்வொரு மணி நேரத்திலும் 100 பேர் எஞ்சி நிற்பர். மூன்று மணி நேரத்திற்குப் பின் 300 பேர் வரிசையில் இருப்பர்; அப்போது புதிதாக வருபவர் ஒரு மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். மாறாக, மணிக்கு 250 பேர் சீராக வந்தால் நீண்ட வரிசையே தோன்றாது.

வருவோர் தொகை பாதியாகக் குறைய வேண்டுவதில்லை. இராட்டினத்தின் கொள்ளளவிற்குச் சற்றுக் கீழே இறங்கினாலே போதும் என்பது இதனால் விளங்கும். மழைக்காலம் வரும்வரை காத்திராமல், பூங்கா திறக்கும் வேளையிலேயே செல்வோர் பயன்பெறுவதும் இக்கணக்கினாலேயே ஆகும். பள்ளி நாளை இழந்து செல்ல வேண்டிய தேவையும் இல்லை.

கருத்திற் கொள்ள வேண்டியவை

கூட்டம் குறைந்த காலத்திற்கெனச் சில குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நாட்டிய இடத்தில் நீரில் இறங்குதல் கூடாது. இடி மின்னலின்போது திறந்தவெளி ஊர்திகளை நிறுத்துவர். பழுது பார்ப்பதற்கும் இக்காலத்தையே தேர்ந்தெடுப்பர். நிறுத்தப்பட்ட இராட்டினத்தைக் கண்டு சினத்தல் முறையன்று. ஆய்வு செய்யப்பெற்ற இராட்டினமே நம்பி ஏறத்தக்கது. உயிரியல் பூங்காவிற்குத் திங்கட்கிழமை விடுமுறை. இவ்வாறான செய்திகளை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நன்று.

பூங்காவை நம்பி வாழ்வோர்

படகு செலுத்துவோர், கடலை விற்போர், தேநீர்க் கடையினர், வாடகை ஊர்தி ஓட்டுவோர் எனப் பலர் சுற்றுலாவை நம்பி வாழ்கின்றனர். கூட்டம் மிகுந்த நாளில் அவர்களுக்கு ஓய்வில்லை. கூட்டமற்ற நாளில் வருவாயில்லை. சிலரேனும் மழைக்காலத்தில் வந்தால் அவர்களின் வீட்டில் அடுப்பெரிவதற்கு அது துணையாகும். அந்நாளில் விலை குறைவு என்பதற்காக, தேநீர் விற்பவரிடமும் பேரம் பேசி மேலும் குறைக்க முயல்வது அழகன்று.

கூட்டம் குறைந்த நாள் எல்லாருக்கும் வசதியானதே. எனினும் சிலருக்கு அது வசதி மட்டுமன்று. நெடுநேரம் நிற்க இயலாத முதியோர், சக்கர நாற்காலியில் வருவோர், பேரிரைச்சலைப் பொறுக்க இயலாத குழந்தைகள் ஆகியோர் விழா நாளில் வாயிலோடு திரும்ப நேரிடும். அவர்களுக்கு அமைதியான நாளே கிடைக்கக்கூடிய ஒரே நாள். பூங்கா செல்லத் திட்டமிடும் குடும்பம், வீட்டிலுள்ள பாட்டியும் தாத்தாவும் உடன்வரத்தக்க நாள் எது என்று முதலில் எண்ணுமாயின், கூட்டம் குறைந்த காலத்தின் அருமை தானே புலப்படும்.

சிந்தித்து விடை எழுதுக

1. தென்மேற்குப் பருவமழை கோவளத்திலும் குற்றாலத்திலும் வெவ்வேறு விளைவுகளை உண்டாக்குவது எவ்வாறு?
2. 24 இருக்கைகள் கொண்ட இராட்டினம் ஒரு சுற்றுக்கு 6 நிமிடம் எடுத்துக்கொண்டால், மணிக்கு எத்தனை பேர் ஏறலாம்?
3. உம் வீட்டு முதியவர் ஒருவருடன் பூங்கா செல்ல ஏற்ற நாளையும் வேளையையும் தேர்ந்து, காரணங்களுடன் எழுதுக.