முதல் நாள் என்ன நடக்கும்?

"நித்திரை இல்லை", "ஒரே யோசனை", "தலையிடி விடுகுதில்லை" என்ற சொற்களை இடம்பெயர்ந்த குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறோம். காணியையும் மாடுகளையும் விட்டு வந்தவருக்கு, உறவுகளையும் பறிகொடுத்தவருக்கு இவை வருவது இயல்பு. காலம் செல்ல அநேகர் தேறிவிடுவர். ஆனால் மாதக்கணக்காக நித்திரையின்றி, வேலையில் மனம் செல்லாமல், குடியில் இறங்கி, வீட்டாரோடு எரிந்து விழுபவருக்கு உதவி தேவை.

உதவி இருந்தும் பலர் போவதில்லை. "விசர் என்பார்கள்", "அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயமே முக்கிய காரணம். ஆனால் மனநல சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை வகுத்தது. இன்று மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. வருவோரில் மிகப் பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகின்றனர். அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்தால் பயம் குறையும்.

உளவளத்துணை

உளவளத்துணையாளர் முதல் நாள் உங்கள் குடும்பம், தொழில், நித்திரை, சாப்பாடு பற்றிக் கேட்பார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். எல்லாவற்றையும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. "இதை இன்று பேச விருப்பமில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, நீங்கள் சொன்னது வெளியே போகக் கூடாது. பேசிவிட்டு வந்த இரவு மனம் கூடுதலாகப் பாரமாக இருக்கலாம். இதனால் பலர் ஒரு நாளோடு நின்றுவிடுகிறார்கள். நிற்காமல், அந்தப் பாரத்தையே அடுத்த முறை போய்ச் சொல்லுங்கள்.

தளர்வுப் பயிற்சி

மூச்சை மெதுவாக விடவும், தசைகளை இறுக்கித் தளர்த்தவும் பழக்குவார்கள். அவரவர் சமயத்துக்கேற்ப ஒரு சொல்லை மனதுக்குள் உச்சரிக்கச் சொல்வதும் உண்டு. தினமும் வீட்டில் செய்தால்தான் பலன் தெரியும். கண்ணை மூடும்போது பழைய காட்சிகள் வந்தால் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லுதல்

ஒரு கயிற்றை நிலத்தில் விரித்து, வாழ்க்கையின் நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களும் துன்ப நிகழ்வுகளுக்குக் கற்களும் வைப்பர். பின்னர் பிறந்தது முதல் ஒவ்வொன்றாகச் சொல்ல உதவுவர். கல் வரும் இடத்தில் அழுகையும் நடுக்கமும் வரலாம். துணையாளர் கூடவே இருப்பார். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் வடகிழக்கில் 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இம்முறையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் இரு பகுதியினரிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். ஆகவே ஒரு வழி ஒத்துவராவிட்டால் இன்னொன்றைக் கேட்கலாம்.

குழுவாகக் கூடுதல்

எட்டுப் பத்துப் பேர் வட்டமாக இருந்து பேசுவர். முதல் நாள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். மற்றவர் கதையை வெளியே சொல்லாதிருப்பது எல்லோருக்கும் உரிய கட்டுப்பாடு.

குளிசைகள்

மனச்சோர்வுக்கான குளிசை தலையிடிக் குளிசை போல உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரங்கள் செல்லும். முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டல், வாய் வரட்சி, அசதி வரலாம். சுகம் தெரிந்ததும் திடீரென நிறுத்த வேண்டாம். வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார். நித்திரைக் குளிசை பழக்கமாகிவிடக் கூடியது. சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுங்கள். குளிசையோடு மதுபானம் கூடாது.

கேட்க வேண்டியவை

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே கிளினிக் நாள் எது, எத்தனை தடவை வர வேண்டும், எப்போது மாற்றம் தெரியும் என்று முதல் நாளே கேளுங்கள். வீட்டார் ஒருவர் கூடப் போனால் நல்லது.

யாராவது "செத்தால் நல்லது" என்று சொன்னால் அதை வெறும் பேச்சாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் அழைக்கலாம்.